ஏழு நிமிஷத்துக்கு நாலு வழிகாட்டிகள்

காரைக்காலில் யாராவது ஊருக்கு நல்லது செய்யப்போவதாகச் சொன்னால் இஞ்ஞாசி உடனே நம்பிவிட மாட்டார். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கர். நெடுங்காட்டுக்கு வடக்கே இருக்கும் மதகைத் திறப்பதும் மூடுவதும், வாய்க்கால் கரையை வெட்டித் தண்ணீர் திருடுகிறவர்களைப் பிடிப்பதும் அவர் வேலை. இருபது வருஷத்தில் பிடிபட்டவர்களில் ஒருவர்கூடத் திருடினேன் என்று ஒப்புக்கொண்டதில்லை. எல்லாரும் ஒரு நல்ல எண்ணத்தில்தான் வெட்டியதாகச் சொன்னார்கள். ஆகவே நல்ல எண்ணம் என்ற பேச்சு காதில் விழுந்தாலே அவர் எழுந்து போய்க் கரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார்.

1980 ஜூன் மாதம் அவர் மகள் அமலராணி பத்தாம் வகுப்புக்குப் போனபோது, அவள் படித்த செவாலியே மாசிலாமணி உயர்நிலைப் பள்ளியில் பிரம்பை ஒழித்தார்கள். சும்மா ஒழிக்கவில்லை. பிரம்புக்கு மாலை போட்டு, கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைத்து, நாயனத்தோடு நாலு தெரு சுற்றி ஊர்வலம் கொண்டுவந்து, தலைமையாசிரியர் குஞ்சிதபாதத்தின் அறையில் வைத்தார்கள். இனி அடி கிடையாது. தவறு செய்யும் மாணவருக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வாய்த்து, அன்பினால் அவரைத் திருத்துவார். இதற்கென்று மாணவர் நல்வழிக் குழு என்று ஒன்று பிறந்தது. பெற்றோர்களை வரவழைத்து அன்றைக்குத் தலைமையாசிரியர் ஆற்றிய உரையை அப்படியே தருகிறேன்.

“பிரம்படி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மாணவன் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். அதனால் யாருக்கு என்ன பயன்? நம் திட்டத்தில் அப்படி அல்ல. ஒரு முறை நம் அன்புக்குள் வந்துவிட்ட மாணவன் நம்மை விட்டுப் போகவே முடியாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். இஞ்ஞாசியும் தட்டினார். தட்டிக்கொண்டே அவர் கவனித்தது, கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு இல்லை என்பதையும், தலைமையாசிரியரின் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் அது எட்டும் என்பதையும்தான்.

குழுவில் நாலு வழிகாட்டிகள். தலைவர் தெட்சிணாமூர்த்தி, நீலாயதாட்சி பஸ் சர்வீஸின் முதலாளி. அடுத்தவர் சவரிநாதன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் அவருக்குச் சொல்தா என்றுதான் பெயர், பிரெஞ்சில் சிப்பாய். மூன்றாமவர் ஒரு மருந்துக்கடைக்காரர், நான்காமவர் ஓய்வுபெற்ற தாசில்தார். நாலு பேருக்கும் பட்டு ரிப்பன் வைத்த பேட்ஜ் குத்தினார்கள். அந்த பேட்ஜ் இருந்தால் குடியரசு நாளன்று கொடியேற்றத்தில் முதல் வரிசை நாற்காலி உண்டு.

இரண்டு மாதம் ஓடியது. வழிகாட்டிகள் தயாராக இருந்தார்கள், தவறு செய்ய ஆள்தான் இல்லை. பிள்ளைகள் ஒன்றும் திடீரென்று யோக்கியமாகிவிடவில்லை. ஒரு மாணவர்மேல் புகார் சொல்ல ஆசிரியர் நாலு பிரதியில் படிவம் நிரப்ப வேண்டும், கார்பன் தாள் வைக்கக் கூடாது. ஆசிரியர்கள் அதற்குப் பதில் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கப் பழகிக்கொண்டார்கள். தெட்சிணாமூர்த்தியின் பேரன் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்ததை மட்டும் ஒரு புது ஆசிரியர் விவரம் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். குழு கூடிப் பேசியது. தலைவரின் பேரனைத் தலைவரே விசாரித்தால் நியாயமாக இருக்காது. தலைவர் இல்லாமல் விசாரிக்க விதி இல்லை. ஆகவே நியாயத்தை முன்னிட்டு விசாரணை காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. புது ஆசிரியர் திருமலைராயன்பட்டினத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார்.

இந்தச் சமயத்தில் புதுச்சேரியிலிருந்து கல்வித்துறை அதிகாரி ஒருவர் திட்டத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. திருத்தப்படுகிற மாணவர் ஒருவரையாவது காட்டியாக வேண்டும். தலைமையாசிரியர் ஒரு சனிக்கிழமை காலை தாமே வாசலில் போய் நின்றார். மணி அடித்து ஏழு நிமிஷம் கழித்து, மூச்சு வாங்க ஓடிவந்தாள் அமலராணி. அவளைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்றே அந்தப் பெண் நினைத்துவிட்டாள்.

மறுவாரம் இஞ்ஞாசியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எல்லாரும் சமம் என்று காட்டுவதற்காக நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இஞ்ஞாசிக்கு மட்டும் ஒரு பெஞ்சு. மனம் திறந்து பேசும்படி சொன்னார்கள். பேசி முடித்ததும் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

“பஸ்ஸு நிக்க மாட்டேங்குதுங்க. சனிக்கிழமைன்னா திருநள்ளாறு போற கூட்டம் மாயவரத்துலேயே ஏறி நெரம்பிடுது. நெடுங்காட்டுல பாஸ் வச்சிருக்கிற புள்ளைங்களப் பார்த்தா டிரைவர் இன்னும் வேகமா ஓட்டிக்கிட்டுப் போயிடுறாரு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்தா ஏழு நிமிஷம் ஆயிடுதுங்க” என்றார் இஞ்ஞாசி.

அது யாருடைய பஸ் என்று யாரும் கேட்கவில்லை. வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தெட்சிணாமூர்த்தி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்பதற்காக ஏட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

“பேருந்து இப்பள்ளியின் மாணவர் அல்ல. ஆகவே அதன்மீது நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை. தங்கள் மகள் இப்பள்ளியின் மாணவி. எடுக்கக்கூடிய இடத்தில்தானே நடவடிக்கையை எடுக்க முடியும்?”

இஞ்ஞாசிக்கு இதில் எங்கோ கரை உடைந்திருக்கிறது என்று தெரிந்தது, எந்த இடம் என்றுதான் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அமலராணிக்குச் சவரிநாதன் வழிகாட்டியானார். அவருக்குக் காலையில் பூசை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீட்டாட்டம். நடுவில் ஒழிகிற ஒரு மணி நேரம், பள்ளியில் கணக்கு வகுப்பு நடக்கிற நேரம். தினமும் அந்த நேரத்தில் அவளை எதிரே உட்கார வைத்து, பட்டாளத்தில் ஐந்து மணி என்றால் நாலு ஐம்பத்தைந்து என்பதை விளக்கினார். அதிகாரி வந்து பார்த்தார். மேடையில் பேட்ஜோடு நாலு பெரியவர்களும், கீழே பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணும் இருப்பதைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார். ஒரு மாணவிக்கு நாலு வழிகாட்டிகள் என்ற விகிதம் புதுச்சேரியிலேயே இல்லை என்று பேசிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு நன்றாக இருந்ததாகப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மற்ற மூன்று பேருக்கும் பொறுக்கவில்லை. அவள் தினமும் கணக்கு வகுப்புக்கு வராதது ஒரு குற்றம் என்று மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்து, அவளுக்கு இரண்டாவது வழிகாட்டியானார். அவர் கூப்பிட்டது ஆங்கில வகுப்பு நேரத்தில். காலாண்டில் தொண்ணூறு வாங்கியிருந்தவள் அரையாண்டில் கணக்கில் தோற்றாள். படிப்பில் பின்னடைவு என்று தாசில்தார் மூன்றாவதாக வந்தார். ஏன் தோற்றாய் என்று கேட்டதற்கு, வழிகாட்டிகளிடம் போய்வந்தால் வகுப்புக்குப் போக முடியவில்லை, பஸ் நின்றால் இதெல்லாம் வந்தே இருக்காது என்று அவள் சொல்லிவிட்டாள். அது எதிர்ப் பேச்சு. எதிர்ப் பேச்சைத் தலைவரே எடுத்துக்கொண்டார். பஸ் முதலாளி வாரம் இரண்டு நாள் அந்தப் பெண்ணுக்கு நேரத்தின் அருமையைப் பற்றி எடுத்துச் சொன்னார். எனக்கு இதை எழுதும்போதே கை கூசுகிறது, அவருக்குச் சொல்லும்போது வாய் கூசவில்லை.

ஜனவரி பிறந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப முப்பத்தோராம் தேதி கடைசி. குழுவில் கோப்பு திறந்திருக்கும் மாணவரின் பெயரை அனுப்ப முடியாது என்றார் தலைமையாசிரியர். கோப்பை மூட வேண்டுமானால் வழிகாட்டிகள் நாலு பேரும் ‘திருந்திவிட்டார்’ என்று எழுதித் தர வேண்டும். அமலராணி ஆறாம் வகுப்பிலிருந்தே டீச்சராகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, புத்தகங்களை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, அம்மாவிடம் போய் அடுப்படியில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால் இஞ்ஞாசி தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் சவரிநாதனைப் பிடித்தார்.

“எம் பொண்ணு திருந்திடுச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கய்யா.”

“அது மொத நாளே திருந்திடுச்சே இஞ்ஞாசி. தங்கமான பொண்ணு. அதுக்கு என்ன கொறச்சல்?”

“அப்ப எழுதலாமுல்லங்க?”

சவரிநாதன் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி வந்துபோனதிலிருந்து, ஒரு மாதம் மாணவர் இல்லாமல் இருக்கும் வழிகாட்டியின் பேட்ஜைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அவர் எழுதினால் அவர் பேட்ஜ் போகும், மற்ற மூன்று பேருடையது இருக்கும்.

“முப்பது வருஷம் பட்டாளத்துல நின்னுக்கிட்டே இருந்தவன்ய்யா நான். இப்பதான் உக்கார ஒரு நாற்காலி கெடச்சிருக்கு. எழுதிட்டா எனக்கு யாரு இருக்கா?”

அவர் கண் கலங்கியிருந்ததை இஞ்ஞாசி பார்த்தார். மற்ற மூன்று பேரையும் பார்க்கப் போகவில்லை. போனாலும் இதுதான், கண் மட்டும் கலங்காது. ஒரு பெண் திருந்திவிடக் கூடாது என்பதில் நாலு பெரிய மனிதர்களின் கௌரவம் அடங்கியிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது.

வீட்டில் சொன்னார். வேறு எந்தப் பிள்ளையாவது பிந்தி வந்தால் பிடித்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை சொன்னார். அவர் மனைவி சலோமி அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

“நம்ம புள்ளைய மீக்கிறதுக்கு இன்னொரு வீட்டுப் புள்ளையக் கொண்டுபோயி வைக்கிறதா? அதுக்கு இது பரீட்சை எழுதாமலே இருக்கட்டும்.”

இஞ்ஞாசி மதகுக்குப் போனார். தண்ணீர் ஏறிக்கொண்டே வரும்போது மதகை மூடினால் கரைதான் உடையும் என்பது லஸ்கர் வேலைக்கு வந்த முதல் மாதத்தில் தெரிந்துகொள்கிற பாடம். வருகிற தண்ணீர் வந்தே தீரும். எந்தப் பயிரும் அழியாத ஒரு வடிகாலில் திருப்பிவிடலாம், அவ்வளவுதான் செய்ய முடியும். அவர் வெகு நேரம் வடிகாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தில் நடந்த முதியோர் கல்வி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். முப்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்கக் கூடாது, இஞ்ஞாசிக்கு நாற்பத்தாறு. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் வேறு. அந்த ஆசிரியர் ஒரு கேள்வியும் கேட்காமல் முப்பத்தைந்து என்றும், எழுத்தறிவு இல்லை என்றும் எழுதிக்கொண்டு, பலகையும் பல்பமும் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு. இஞ்ஞாசி எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்து, ஆறு ஏழுக்கு உள்ளே நுழைந்தார்.

“பிந்தி வந்துட்டேங்க. எழுதிக்குங்க” என்றார்.

ஆசிரியர் பரவாயில்லை உட்காருங்கள் என்றார். இஞ்ஞாசி உட்காரவில்லை. படிவத்தைத் தானே வாங்கிவந்து, நாலு பிரதியும் தானே நிரப்பி, எழுத்தறிவு இல்லாதவர் என்பதால் கடைசியில் கைநாட்டு வைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் எழுந்து வெளியே போனார். செவ்வாய்க்கிழமை பலகையில் ஒரு எழுத்தும் எழுதாமல் நீட்டினார். புதன்கிழமை தலைமையாசிரியரே வந்து, சனிக்கிழமை ஏன் தாமதம் என்று கேட்டார். பஸ் நிற்கவில்லை என்றார் இஞ்ஞாசி. அவர் வந்தது சைக்கிளில். அந்தச் சைக்கிள் தலைமையாசிரியருக்குப் பின்னாலேயே சாய்த்து வைத்திருந்தது.

குழு அவசரமாகக் கூடியது. மாணவருக்கு வயது வரம்பு உண்டா என்று விதிப் புத்தகத்தில் தேடினார்கள், இல்லை. தலைமையாசிரியர் குரல் தழுதழுக்கப் பேசினார்.

“இதுவரை ஒரு சிறுமியைத்தான் திருத்தினோம். அது யாரும் செய்யக்கூடியது. இவரோ மீசை வைத்த மனிதர், மத்திய வயது, அரசு ஊழியர். ஒரே வாரத்தில் நான்கு குற்றங்கள். இப்படி ஒருவர் கிடைக்க நம் பள்ளி கொடுத்து வைத்திருக்க வேண்டும்.”

ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர்தான். புது ஆளை எடுக்க வேண்டுமானால் பழைய ஆளைத் திருந்தியவராகக் காட்டியாக வேண்டும். வாயால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே நாலு பேரும் ஓரக்கண்ணால் மற்ற மூன்று பேரையும் கவனித்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சவரிநாதன் ‘திருந்திவிட்டார்’ என்று எழுதிய தாளோடு பள்ளிக்கு வந்தபோது, மருந்துக்கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாசில்தார் ஒன்பதரைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தெட்சிணாமூர்த்தி முதல் நாள் இரவே தம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டாராம். டிரைவர் பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனதாகக் காவல்காரர் சொன்னார். அந்த பஸ் நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

அமலராணியின் பெயர் பரீட்சைப் பட்டியலில் போயிற்று. பரீட்சை எழுதினாள். கணக்கில் நாற்பத்தொன்று. தொண்ணூறு வாங்க வேண்டிய பிள்ளை நாற்பத்தொன்று வாங்கித் தப்பித்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆண்டு விழாவில் குழு அவளை மேடையேற்றி, இந்த வெற்றி முழுக்க முழுக்க வழிகாட்டிகளுடையது என்று அறிவித்தது. நாலு பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். அவளுக்கு ஒரு கைக்கடிகாரப் படம் போட்ட வாழ்த்து அட்டை கொடுத்தார்கள்.

ஆறு வருஷம் போயிற்று. அமலராணி பயிற்சி முடித்து, அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தாள். தலைமையாசிரியர் மாறவில்லை. கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் பிரம்பு இல்லை. எங்கே போயிற்று என்று கேட்கவும் நாலு பிரதி எழுத வேண்டும் என்பதால் யாரும் கேட்கவில்லை. இருக்கிறவர்களில் இளையவள் என்று முதியோர் கல்வி வகுப்பை அவள் தலையில் கட்டினார்கள். முதல் சனிக்கிழமை ஆறு ஏழுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் அப்பா உள்ளே வந்தார்.

அவர் சாயங்காலத்தில் எங்கேயோ போகிறார் என்பது வீட்டில் தெரியும். பென்ஷன் விஷயமாக யாரையோ பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்திருந்தார். ஆறு வருஷமாக வாரம் நாலு நாள் நாலு பேர் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, நேரம் பொன் போன்றது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பரீட்சைக்குப் பெயர் போனது எப்படி என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நடுவில் சேர்த்த புது விதிப்படி வருஷத்துக்கு ஒரு முறை வகுப்பு ஆசிரியரின் கருத்து வேண்டும். கீழே ஒரே ஒரு கேள்வி: இவர் திருந்திவிட்டாரா? ஆசிரியர் ஆம் என்று எழுதினால் கோப்பை மூடிவிட வேண்டியதுதான் என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அமலராணி பேனாவைத் திறந்தாள்.

“இன்னையோட முடிச்சிடுறேன்ப்பா. நீங்க வீட்டுக்குப் போயி உக்காருங்க” என்றாள்.

இஞ்ஞாசி வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதிடாதம்மா. என்னைய விட்டுட்டாங்கன்னா அடுத்த வாரமே இன்னொரு புள்ளையப் புடிக்க வாசல்ல வந்து நிப்பாங்க. பஸ்ஸு இன்னும் சனிக்கிழமைல நிக்கிறதில்ல.”

அவள் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ‘இன்னும் திருந்தவில்லை’ என்று எழுதினாள். கார்பன் தாள் வைக்கக் கூடாது என்பதால் நாலு பிரதியிலும் அதைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.